எண்பது எழுத்து அகலம்

மனித குலத்தின் அத்தனை துயரங்களுக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஜன்னலின் அளவு மாறினால் அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவன் என் வகுப்புத் தோழன் ஜெர்வின். அறிவித்த இடம், பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி கேன்டீன். அறிவிக்கும்போது அவன் கையில் பாதி கடித்த முட்டை பப்ஸ் இருந்தது. இதைச் சொல்வது அவனைச் சிறுமைப்படுத்த அல்ல. பெரிய உண்மைகள் எல்லாம் வாயில் ஏதாவது இருக்கும்போதுதான் பிடிபடுகின்றன என்று அவனே சொல்லியிருக்கிறான்.

"போர், விவாகரத்து, சொத்துத் தகராறு எல்லாமேவால?" என்று கேட்டேன்.

"எல்லாமே."

"பசி?"

கொஞ்சம் யோசித்தான். "பசி தனி டிபார்ட்மெண்ட்" என்றான்.

கம்ப்யூட்டரில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சினிமாவில் அதை வைத்து வங்கியைக் கொள்ளையடிப்பார்கள்; நாங்கள் அதில் பெரும்பாலும் எழுத்துப்பிழை செய்வோம். நாம் தட்டுவதை வாங்கி, வரிவரியாகக் காட்டி, வேலையை நடத்துகிற நிரலுக்கு ஷெல் என்று பெயர். அந்தக் காலத்துத் திரைகளின் அகலம் எண்பது எழுத்து. இப்போதெல்லாம் அந்தத் திரை ஒரு ஜன்னல்; மூலையைப் பிடித்து இழுத்தால் சிறுத்துவிடும். சிறுத்த உடனே கம்ப்யூட்டர் உள்ளுக்குள் ஒரு சிக்னல் கொடுக்கும்: அளவு மாறிவிட்டது, பார்த்துக்கொள். நல்ல ஷெல் உடனே புது அகலத்தை விசாரித்து, வரிகளை அதற்கேற்ப மடித்து எழுதும். மற்றது பழைய அகலத்திலேயே எழுதிக்கொண்டு போகும். வரி ஓரத்தில் முட்டி, அடுத்த வரியின் தலைமேல் ஏறி உட்காரும். பிறகு திரையில் இருப்பது எந்த மொழி என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜெர்வினின் கோபம் அதுகூட அல்ல.

"மத்த சிக்னலைக் கவனிக்காம விட்டா என்னல ஆகும்? புரோகிராம் செத்துரும். பெரும்பாலும் அதான் விதி. இந்த ஒரு சிக்னலுக்கு மட்டும் என்ன வச்சிருக்கான் தெரியுமா? கண்டுக்காதே. நீ எதுவும் எழுதி வைக்கலேன்னா, டிஃபால்ட்டா கண்டுக்காம இருன்னு அர்த்தம். இத முடிவு பண்ணவன் எவ்வளவு பெரிய சோம்பேறியா இருந்திருப்பான்! சனிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல எழுதிருக்கான்."

அதிலிருந்து அவன் உலகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டான். அளவு மாறியதைக் கவனிப்பவர்கள், கவனிக்காதவர்கள். இரண்டாவது கூட்டத்துக்கு எண்பது எழுத்துக்காரர்கள் என்று பெயர் வைத்தான். முன்வரிசையில் மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கத்துகிற எங்கள் துறைத் தலைவர் ஒரு எண்பது. ஜெர்வினுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எட்டாம் வகுப்புப் பையன் அளவில் சட்டை எடுக்கிற அவன் சித்தப்பா இன்னொரு எண்பது. பஸ்ஸில் எதிரே வருபவர்களையெல்லாம் பார்த்து, "எண்பது... எண்பது... இவரு பரவால்ல, எழுபத்தஞ்சு" என்று எண்ணிக்கொண்டே வருவான்.

இந்தத் தத்துவத்துக்கு ஒரு நோயாளி கிடைப்பார் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை.

மூளைக்குள் வைக்கிற சில்லு வந்து அப்போது நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி கெட்டுப்போனவர்களுக்குக் காதின் பின்னால் துளையிட்டுப் பொருத்துவார்கள். யார் என்ன பேசினாலும் அது வெறும் இரைச்சலாகக் கேட்காமல், மனசுக்குள் வரிவரியாக எழுத்தாக வரும். பதிலை அவர்கள் மனசில் எழுதினால் கட்டிலோரம் இருக்கும் ஒலிபெருக்கி பேசும். மருத்துவர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் ஜன்னல் என்றார்கள். அதற்குள் ஓடியதும் ஒரு ஷெல்தான். சும்மா கிடைக்கிறதே என்று பழைய நிரல் ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்திருந்தார்கள்.

ஊருக்கு வெளியே இருந்த மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு எங்கள் இருவரையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் கொம்பையா அண்ணாச்சி இருந்தார்.

நாலு மாவட்டத்தில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் மைக்கில் வர்ணனை செய்தவர் அவர். மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தார், பேச்சுதான் பிழைக்கவில்லை. நல்லவேளையாகப் பழைய போட்டிகளின் ஒலிப்பதிவு நிறைய இருந்ததால், ஒலிபெருக்கிக்கு அவர் குரலையே கொடுத்துவிட்டார்கள். விளைவு, அவர் தண்ணீர் கேட்டால்கூட இறுதிப்போட்டி மாதிரி இருக்கும்.

"அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே! இதோ, கையில் ஊசியுடன், கண்ணில் கருணையே இல்லாமல், ஐந்தாம் எண் கட்டிலை நோக்கிக் கபடி பாடி வருகிறார் நமது சிஸ்டர் கலாவதி!"

ஐந்தாம் எண் கட்டில்காரர் நிஜமாகவே நழுவப் பார்ப்பார். வார்டு முழுக்கக் கைதட்டும்.

அவருடைய மனைவி சண்முகவடிவு. வடிவக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிறகு பேசுவார். குழாயில் தண்ணீர் வராததில் ஆரம்பித்து, வார்டு கவுன்சிலர், கவுன்சிலர் மச்சினனின் கல்யாணம், கல்யாணத்தில் போட்ட தேங்காய்ப்பால் சொதி, சொதியில் போடாத இஞ்சி என்று போய்க்கொண்டே இருப்பார். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் போனாலும் அது கெடுத்துவிட்டுப் போன இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் எண்பது எழுத்து அகலம் இருந்த ஜன்னல் சுருங்கத் தொடங்கியிருந்தது. அவருக்கு அது தெரியாது. ஷெல்லுக்கும் தெரியாது, அது எண்பது எழுத்துக்காரர்.

ஒரு நாள் வடிவக்கா இரண்டு செய்தி சொன்னார். பக்கத்து வீட்டு ஆடு லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது ஒன்று. டாக்டரம்மா மறுநாள் காலையில் வருவார் என்பது இன்னொன்று. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன. மறுநாள் காலையில் அண்ணாச்சியின் ஒலிபெருக்கி வார்டு முழுவதையும் டாக்டர் ரெஜினாவின் அகால மறைவுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னது. எழ முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அஞ்சலியின் நடுவில் டாக்டர் ரெஜினா உள்ளே வந்தார். எதற்கு என்று கேட்காமல் தானும் தலை குனிந்து நின்றார்.

எல்லோரும் சிரித்தோம். சாயந்திரம் வரிகள் மறுபடி ஏறி, அண்ணாச்சிக்கு வலிப்பு வந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டு வரி ஒண்ணா மோதும்போதுதான் வலிப்பு வருது" என்றார் டாக்டர். "இதை உங்களால சரிபண்ண முடியுமா?"

ஜெர்வின் பிறந்ததே இந்தக் கேள்விக்காகத்தான் என்பது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவன் செய்தது நல்ல வேலை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜன்னல் சுருங்கியதும் சிக்னல் ஷெல்லுக்குப் போகும். ஷெல் வரிகளைப் புது அகலத்துக்கு மடிக்கும். மோதல் இல்லை, வலிப்பு இல்லை. ஆனால் ஒரு குறை இருந்தது. ஜன்னல் குறுகக் குறுக, ஒரே பேச்சு அதிக வரிகளாக மடியும். அவர் படிப்பதற்குள் மேலே ஓடி மறைந்துவிடும். ஆகவே சிக்னலை வெளியேயும் அனுப்பினான். பேசுகிறவர் கையில் ஒரு காப்பு. ஜன்னல் சுருங்கினால் காப்பு அதிரும், புது அகலத்தைக் காட்டும். பேசுகிறவர் பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வடிவக்காவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விளக்கினான்.

"அக்கா, இப்படி யோசிச்சுப் பாருங்க. கபடி நடக்குது. ஆட்டத்துக்கு நடுவுல களத்துக் கோட்டை அழிச்சு, உள்ள தள்ளிப் போட்டுர்றாங்க. பாடிப் போறவன்கிட்ட சொல்லல. என்ன ஆவான்?"

"வெளிய மிதிச்சு அவுட்டாவான்."

"அதேதான். இனிமே உங்களுக்குக் காப்பு சொல்லிரும்."

"ஆனா தம்பி, களத்துல ரெண்டு ஓரத்துலயும் லாபி உண்டும்லா. சும்மா மிதிச்சா வெளிய. எதிராளைத் தொட்டுட்டா அதுவும் உள்ள வந்திரும். களம் பெருசாயிரும்."

"தொட்டா பெருசாகுறதுக்கு இது கபடி இல்லக்கா. மூளை."

வடிவக்கா காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி வளையல்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. சுருங்குதுன்னு அவுககிட்ட மட்டும் சொல்லிராதீய. ஒரு தடவ, தொண்டையில புண்ணு, பழைய மாதிரி கத்த முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கே மைக்கை வச்சிட்டாவ. அரையுங்குறையுமா பேசதுக்குப் பேசாமலே இருக்கலாம்னாவ. ஒரு வருசம் எங்ககிட்டயும் வாயைத் தொறக்கல. அவுக குணம் அது. இப்பத் தெரிஞ்சா மிச்சத்தையும் பேசாமலே போயிருவாவ."

"அவருகிட்ட எதுக்கு சொல்லப் போறோம்? சிக்னல் ஷெல்லுக்கும் உங்களுக்கும்தான். அவருக்குத் தெரியவே தெரியாது" என்று வாக்குக் கொடுத்தான் ஜெர்வின்.

முதல் சில நாள் வடிவக்கா காப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருக்கும். அவர் பாட்டுக்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மின்கட்டணத்திலிருந்து மைனியின் மூட்டுவலிக்குப் போய்க்கொண்டிருப்பார்.

"அக்கா, நீங்க பேசறதுல முக்கால்வாசி கீழ விழுது" என்றான் ஜெர்வின்.

"விழட்டும். வீட்டுல இருக்கும்போது மட்டும் முழுசாக் கேட்டாவளாக்கும்?"

கேன்டீனில் அன்றைக்கு முழுவதும் அதே பேச்சு. "உலகத்துலயே பெரிய எண்பது எழுத்துக்காரியை நான் பாத்துட்டேன்ல. கையில காப்பு அடிச்சுக்கிட்டு இருக்கு, அவங்க சொதிக்கு இஞ்சி போட்டுக்கிட்டு இருக்காங்க. கையை வேற புடிச்சுக்கிடுவாங்க, சார்ஜ் ஏறுற மாதிரி! மனுசன் இருக்கிற அளவைப் பாத்துப் பேசணும்ல. அதான் மரியாதை. இருந்த அளவுக்குப் பேசுனா அது வேற யார்கிட்டயோ பேசற மாதிரி."

இதை அவன் டாக்டரிடமும் சொன்னான், இஞ்சியை மட்டும் விட்டுவிட்டு. டாக்டர் வடிவக்காவைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: ஓடுகிற வரிகளைத் துரத்திப் பிடிப்பதில் அவர் களைத்துப்போகிறார், காப்பு சொல்கிறபடி பேசுங்கள், அவர் நல்லதுக்குத்தான். நல்லதுக்கு என்று சொல்லிவிட்டால் வடிவக்காவால் என்ன செய்ய முடியும்? அன்றிலிருந்து காப்பைப் பார்த்துப் பேசினார்.

"சாப்பிட்டீயளா?"

"மாத்திரை."

"தூங்குங்க."

கையையும் எடுத்துவிட்டார். காப்பு இருக்கிற கையால்தான் அவர் மணிக்கட்டைப் பிடிப்பது வழக்கம். அதிர்வது அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

எல்லா எண்களும் அழகாக வந்தன. களைப்பு குறைந்தது. எழுதிய வரிகளை அவர் முழுதாகப் படித்துமுடித்தார். ஜெர்வின் ஒரு கருத்தரங்கத்துக்குச் சுவரொட்டி தயாரித்தான். தலைப்பில் 'மரியாதை' என்ற சொல் இருந்தது.

சிஸ்டர் கலாவதிதான் முதலில் கவனித்தார். "என்ன தம்பி, நான் ஊசியோட வாரேன், போறேன். ஒருத்தரும் என்னைப் பாடக் காணமே?"

அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. வார்டில் வர்ணனை நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒலிபெருக்கி பழுதோ என்று ஜெர்வின் முதலில் ஒயரைத்தான் சோதித்தான். மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணாச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியான நேரம், வடிவக்கா மருந்து வாங்கப் போயிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில், ஜன்னலின் அளவை எங்களுக்கு மட்டும் காட்டும் திரையருகே நின்றிருந்தேன். அதில் அகலம் பதினெட்டு.

ஒலிபெருக்கி அந்தப் பழைய கம்பீரமான குரலில், துண்டு துண்டாகக் கேட்டது.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வடிவு ஏன் சுருக்கமாப் பேசுதா?"

ஜெர்வின் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

"கோவமா?"

"சேச்சே, இல்ல."

"கையும் புடிக்கல."

ஜெர்வின் மாட்டி முடித்த ஒயரை மறுபடி தடவிப் பார்த்தான். கேன்டீனில் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவன்.

"நான் போறேனா?"

ஒரு சிக்னலை எத்தனை ஜாக்கிரதையாக வழி திருப்பியிருந்தோம்! ஷெல்லுக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று, அவருக்கு மட்டும் கிடையாது. காப்பிலிருந்து வடிவக்காவின் வாய்க்குப் போய், அங்கிருந்து நேராக அவரிடமே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் ஜன்னலின் அளவை அவருக்குக் காட்டுகிற ஒரே கருவி அவர் பொண்டாட்டியின் பேச்சுதான். அதை நாங்கள் மிகத் துல்லியமாகத் திருத்தி வைத்திருந்தோம்.

"அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு அண்ணாச்சி" என்றான் ஜெர்வின். "டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாங்க. சளி ஒட்டிரும்னு கையையும் புடிக்கக் கூடாதாம். வேற ஒண்ணும் இல்ல."

அண்ணாச்சி அவனை வெகுநேரம் பார்த்தார். கபடி பார்த்தே வாழ்ந்தவர். ஒருவன் எந்தப் பக்கம் பாயப்போகிறான் என்பதை அவன் தோளை வைத்தே சொல்லிவிடுவார் என்று கேள்வி.

"அப்ப நீ பேசு" என்றது ஒலிபெருக்கி.

"நானா?"

"அவ வர வரைக்கும்."

ஜெர்வின் வியர்த்துப்போய், "இதோ வந்துர்றேன்" என்று வெளியே வந்துவிட்டான். வராந்தா பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தான். அவன் எழுதிய நிரலில், சிக்னலை வெளியே அனுப்புகிற இடத்துக்குப் போனான். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரி. அழித்தான்.

"அழிச்சா என்னல ஆகும்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். அவன் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"டிஃபால்ட்டுக்குப் போயிரும்."

"டிஃபால்ட்னா?"

அவன் மடிக்கணினியை மூடினான். "கண்டுக்காதேன்னு எழுதினவன் வீட்டுலயும் யாராவது படுத்துக் கிடந்திருப்பாங்களோ என்னமோல" என்றான்.

"டாக்டர்கிட்ட என்ன சொல்லுவ?"

"உள்ள மடிக்கிறது அப்படியே இருக்கு. வலிப்பு வராது. வெளிய சொன்னது நானாச் சேர்த்தது. நானே எடுத்துட்டேன். இப்பவே போய்ச் சொல்லிட்டு வாரேன்."

போய்ச் சொன்னான். டாக்டர் என்ன சொன்னார் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவன் கையில் கருத்தரங்கச் சுவரொட்டி சுருட்டியிருந்தது. அதை நேராகக் குப்பைத்தொட்டிக்குள் செருகினான்.

அடுத்த சில நாள் எனக்குக் கல்லூரியில் தேர்வு. மறுபடி மையத்துக்குப் போனபோது வடிவக்கா வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். காப்பு வளையல்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது.

"தம்பி, இது அடிக்கதே இல்ல" என்றார். "அன்னைக்கு மருந்து வாங்கிட்டு வந்ததுல இருந்து ஒரு சத்தத்தையும் காணோம்."

"அதுவாக்கா... அது வந்து..."

"ரிப்பேரா?"

நான் டீக்கடைப் பலகையைப் படித்தேன். வடிவக்கா காப்பை முழங்கைப் பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"ரிப்பேருன்னா அப்படியே கெடக்கட்டும். யாரையும் பாக்கச் சொல்லாதீய. அந்தத் தம்பி என் தொண்டை சரியாயிட்டுன்னு அவுககிட்ட சொல்லிருக்கான். என் தொண்டைக்கு என்ன கேடுன்னு எனக்கே அப்பந்தான் தெரியும்." டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உள்ள போங்க. அவன் ஆட்டத்தைக் கெடுத்துக்கிட்டு இருக்கான்."

படியேறும்போதே சத்தம் கேட்டது. வார்டில் யாரோ மைக் இல்லாமலேயே மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே! இதோ, நமது அணியின் ஏழாம் எண் வீரர், நேற்றுவரை சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த அந்த இளஞ்சிங்கம், நடுக்கோட்டைத் தாண்டி, மூச்சை அடக்கி, எதிரணியின் மூலைக்காரரை முறைத்து, முறைத்தபடியே குனிந்து, அவரது முழங்காலைத் தொட்டு, திரும்பி ஓடி, ஐயகோ, ஓரத்து லாபியில் காலை வைத்துவிட்டாரே! அவுட், பெருமக்களே, அவுட்!"

ஜெர்வின். வாழ்நாளில் ஒரு கபடி ஆட்டம்கூட முழுதாகப் பார்த்திராதவன். கட்டிலோரம் வடிவக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது கை அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஐந்தாம் எண் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மெலிந்திருந்தார், கண் மூடியிருந்தது. முகம் மட்டும், மோசமான நடுவரைப் பார்க்கிற ரசிகனின் முகமாக இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"தப்பு."

வார்டு முழுக்க ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பியது.

"தொட்டுட்டான்ல."

ஜெர்வின் கையை விடாமல் காத்திருந்தான்.

"லாபி உள்ள."

"மன்னிக்க வேண்டும் பெருமக்களே!" என்று ஜெர்வின் துள்ளினான். "நடுவர் தனது தீர்ப்பை மாற்றிக்கொள்கிறார்! தொட்டுவிட்ட காரணத்தினால் களம் பெரிதாகிவிட்டது, பெரிதாகிவிட்டது! ஏழாம் எண் வீரர் பிழைத்தார்!"

கட்டிலின் கால்மாட்டில் இருந்த திரையைப் பார்த்தேன். பதினொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து ஆனது. அவன் பேசியதில் என்ன உள்ளே போயிருக்கும், என்ன மேலே ஓடி மறைந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும், போடவில்லை.

ஆனாலும் பழக்கதோஷம். மையத்துக்கு வந்தால் நாங்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்பது அதுதான். வாய் முந்திக்கொண்டது.

"எவ்வளவுல?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அண்ணாச்சியின் இமை அசைந்தது.

ஜெர்வின் திரையின் பக்கம் திரும்பவே இல்லை.

"எண்பது" என்றான், வார்டு முழுக்கக் கேட்கும்படி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஆளைப் பாட அனுப்பினான்.